முத்திரையே சான்று: பழைய பிரித்தானிய இராணுவச் சுழல்துப்பாக்கிகளைச் சேகரித்தலும் வாசித்தலும்

ஆய்வுச் சுருக்கம்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி இரண்டாம் உலகப்போர் முடியப் பிரித்தானியப் படையினர் ஏந்திய சுழல்துப்பாக்கிகள் இன்று சேகரிப்பாளர்கள் நாடும் பழம்பொருள்களாக உள்ளன. அவற்றின் வரலாற்று மதிப்பைத் தீர்மானிப்பது தோற்றப் பொலிவா, அவற்றின்மேல் காலந்தோறும் பதிந்த முத்திரைகளும் மாற்றங்களுமா என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. வகை வரலாறு, முத்திரைகளின் பொருள், படைத்துறை செய்த மாற்றத்திற்கும் சந்தை செய்த மாற்றத்திற்கும் உள்ள வேறுபாடு, உடைமையாளர் பெயரின் நம்பகத்தன்மை, சட்டத்தின் விளைவு ஆகியவற்றின் வழியே, முத்திரையைக் காப்பதும் பதிவு செய்வதுமே சேகரிப்பின் முதற்கடமை என்பது நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சுழல்துப்பாக்கி, ஆடம்சு, வெப்லி, என்ஃபீல்டு, அகல் அம்பு முத்திரை, பொருள்சார் பண்பாடு, சேகரிப்பு.

1. முன்னுரை

கல்வெட்டை அணுகும் ஆய்வாளர் அக்கல்லின் வழவழப்பை முதலில் நோக்குவதில்லை. எழுத்தின் வடிவம், ஆட்சியாண்டு, பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட வரி, சிதைந்த இடம் ஆகியவற்றையே நோக்குகிறார். கல்லை இழைத்துப் பளபளப்பாக்கினால் எழுத்து மறையும். எழுத்து மறைந்தபின் எஞ்சுவது வெறுங்கல். உலோகப் படைக்கலங்களுக்கும் இது பொருந்தும். பிரித்தானிய இராணுவச் சுழல்துப்பாக்கி ஒன்றின் சட்டகம், குழல், உருளை ஆகியவற்றில் தொடரெண், வகை எண், ஆய்வாளர் முத்திரை, வெடிப்புச் சோதனை முத்திரை, அரசுடைமைக் குறி, படைப்பிரிவுக் குறி, விற்பனைக் குறி எனப் பல பொறிப்புகள் அடுத்தடுத்து இடம்பெறுகின்றன. அவை ஒரே நாளில் ஒரே கையால் பொறிக்கப்பட்டவையல்ல. ஆகவே அவற்றைக் காலவரிசையில் பிரித்து வாசிக்க வேண்டியுள்ளது.

சேகரிப்பாளரிடையே இருவகை நோக்குகள் உண்டு. ஒன்று, பொருள் புதிதுபோல் மின்ன வேண்டும் என்பது. மற்றொன்று, பொருள் கடந்து வந்த வழி அதன்மேல் தெரிய வேண்டும் என்பது. இவ்விரண்டும் பலவேளைகளில் ஒன்றையொன்று அழிக்கின்றன. இம்முரணை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. சேகரிப்பின் எல்லை: வகைகளின் வரலாறு

1851இல் இலண்டனில் நிகழ்ந்த பெருங்கண்காட்சியில் அமெரிக்கரான சாமுவேல் கோல்ட்டின் சுழல்துப்பாக்கியும் ஆங்கிலேயரான இராபர்ட் ஆடம்சின் சுழல்துப்பாக்கியும் பார்வைக்கு வைக்கப்பட்டன. இரண்டும் உருளையின் அறைகளில் வெடிமருந்தையும் குண்டையும் முன்புறமாக நிரப்பி, பின்புறம் கேப்பு பொருத்திச் சுடும் முறையைச் சார்ந்தவை. கோல்ட்டின் கருவியில் ஒவ்வொரு முறையும் குதிரையைக் கட்டைவிரலால் பின்னிழுக்க வேண்டும். ஆடம்சின் கருவியில் விசையை அழுத்தினாலே குதிரை எழுந்து வீழும். கிரிமியப் போர்க்காலத்தில் பிரித்தானிய அரசு கோல்ட் துப்பாக்கிகளை ஆயிரக்கணக்கில் வாங்கியது. பொறியாளர் படையைச் சேர்ந்த பிரெடரிக் போமண்ட் என்னும் அதிகாரி இருமுறைகளையும் இணைக்கும் பொறியமைப்புக்கு 1856இல் காப்புரிமை பெற்றார். அதன்வழி உருவான போமண்ட்–ஆடம்சு சுழல்துப்பாக்கியைப் படைத்துறை ஏற்றுக்கொண்டது.

உலோக உறையிட்ட தோட்டா பரவியபின், இராபர்ட்டின் உடன்பிறந்தாரான ஜான் ஆடம்சு முன்னைய கேப்புத் துப்பாக்கிகளை 0.450 அங்குலத் தோட்டாவுக்கு ஏற்ப மாற்றியமைத்தார். 1868இல் ஏற்கப்பட்ட இம்மாற்று வடிவம் சேகரிப்பாளருக்கு ஒரு தொடக்கப் பாடம்: பிரித்தானியப் படையின் முதல் தோட்டாச் சுழல்துப்பாக்கியே ஒரு மாற்றமைப்பாக இருந்தது. ‘மாற்றப்படாததே தூயது’ என்னும் எளிய அளவுகோல் இங்கேயே பொருந்தாமல் போகிறது.

1880இல் என்ஃபீல்டு அரசுத் தொழிற்சாலை தனது சொந்தச் சுழல்துப்பாக்கியை வெளியிட்டது. 1882இல் அதன் இரண்டாம் வகை வந்தது. குழலைக் கீழே மடக்கினால் உருளை முன்னகர்ந்து வெற்று உறைகள் உதிரும் என்பது அதன் கருத்து. நடைமுறையிலோ அடிப்புற உறை எளிதில் விழாமல் சிக்கிக்கொண்டது. 1887இல் பர்மிங்காம் நகரின் வெப்லி நிறுவனத்தாரின் 0.455 அங்குலச் சுழல்துப்பாக்கி அதன் இடத்தைப் பிடித்தது. இதில் குழலை மடக்கும்போதே விண்மீன் வடிவத் தகடு எழுந்து ஆறு உறைகளையும் ஒருசேர வெளித்தள்ளும். இரண்டாம் வகை 1895இலும், மூன்றாம் வகை 1897இலும், நான்காம் வகை 1899இலும், ஐந்தாம் வகை 1913இலும், ஆறாம் வகை 1915இலும் ஏற்கப்பட்டன. ஆறு அங்குலக் குழலும் சதுர அடியுடைய கைப்பிடியும் கொண்ட ஆறாம் வகையே முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளோடு பெரிதும் இணைத்துப் பேசப்படுவது.

போர்க்காலத் தேவை உள்நாட்டு உற்பத்தியை மிஞ்சியபோது அமெரிக்காவிலிருந்து கோல்ட், ஸ்மித் அண்டு வெஸ்ஸன் துப்பாக்கிகளும், ஸ்பெயினின் எய்பர் நகரிலிருந்து அங்குள்ள நிறுவனங்களின் துப்பாக்கிகளும் 0.455 அளவிலேயே தருவிக்கப்பட்டன. போருக்குப்பின் எடை குறைந்த 0.38 அங்குல அளவு தெரிவு செய்யப்பட்டது. அவ்வளவில் என்ஃபீல்டு எண் 2 துப்பாக்கி 1932இல் ஏற்கப்பட்டது. ஆகவே ‘பிரித்தானிய இராணுவச் சுழல்துப்பாக்கி’ என்பது பிரித்தானியாவில் செய்யப்பட்டதை மட்டும் குறிப்பதன்று. பிரித்தானியப் படை ஏற்றுப் பயன்படுத்தியதைக் குறிப்பது. அந்த ஏற்பை மெய்ப்பிப்பவை முத்திரைகளே.

3. முத்திரைகளின் மொழி

முத்திரைகளை அவற்றின் பணி நோக்கி நான்காகப் பகுக்கலாம்.

முதலாவது, ஆக்க முத்திரை. தயாரிப்பாளர் பெயர், வகை எண், தொடரெண், ஆண்டு ஆகியன இதில் அடங்கும். வகை எண்ணை அடுத்து வரும் உடுக்குறி, அவ்வகையில் செய்யப்பட்ட ஒரு திருத்தத்தைச் சுட்டும். 1921 முதல் 1926 வரை ஆறாம் வகை வெப்லியை என்ஃபீல்டு அரசுத் தொழிற்சாலையே தயாரித்தது. எனவே வடிவத்தால் வெப்லியாகவும் முத்திரையால் என்ஃபீல்டாகவும் அமைந்த துப்பாக்கி போலியன்று.

இரண்டாவது, ஏற்பு முத்திரை. முடிச்சின்னமும் எண்ணும் தொழிற்சாலை எழுத்தும் கொண்ட சிறு பொறிப்பு, அரசு ஆய்வாளர் அவ்வுறுப்பைச் சோதித்து ஏற்றதைக் காட்டும். அகல் அம்பு முத்திரை அரசுடைமையைக் குறிப்பது. இது பேரரசின் பிற பகுதிகளில் வேறுபட்ட உருப்பெற்றது. கனடாவில் ‘சி’ என்னும் ஆங்கில எழுத்தினுள் அம்பும், ஆஸ்திரேலியாவில் இரு ‘டி’ எழுத்துகளுக்கிடையே அம்பும், இந்தியாவில் அம்போடு ‘ஐ’ எழுத்தும் பொறிக்கப்பட்டன. ஒரு துப்பாக்கி பர்மிங்காமில் பிறந்து எக்கடலைக் கடந்தது என்பதை இவ்வெழுத்தொன்றே சொல்லக்கூடும்.

மூன்றாவது, பயன்பாட்டு முத்திரை. படைப்பிரிவின் சுருக்கெழுத்து, ஆயுதச்சாலை எண், பழுதுபார்த்த ஆண்டு முதலியன இவ்வகையின.

நான்காவது, வெளியேற்ற முத்திரை. முனையோடு முனை எதிர்நோக்கும் இரு அம்புகள், அப்பொருள் அரசுடைமையினின்று விற்று நீக்கப்பட்டதைக் காட்டும். பொதுச் சந்தைக்கு வரும் துப்பாக்கியை இலண்டன் அல்லது பர்மிங்காம் சோதனை மன்றம் வெடித்துச் சோதித்து முத்திரையிட வேண்டும் என்பது சட்டம். பர்மிங்காம் மன்றம் 1813ஆம் ஆண்டின் நாடாளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்டது. அயல்நாட்டுத் துப்பாக்கிகளில் ‘ஆங்கில நாட்டில் செய்யப்பட்டதன்று’ என்னும் பொருள்பட அமைந்த ஆங்கிலத் தொடர் காணப்படுவதுண்டு. தரக்குறைவைச் சுட்டும் பழிச்சொல்லாக அதனைக் கொள்வது பிழை. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா வழங்கிய துப்பாக்கிகள் பின்னர்ப் பிரித்தானியச் சந்தை வழியே சென்றதற்கு அதுவே தடயமாகிறது.

இந்நால்வகையையும் வரிசைப்படுத்தினால் பிறப்பு, ஏற்பு, பணி, நீக்கம் என ஒரு பொருளின் வாழ்க்கை வரலாறு கிடைக்கிறது. ஒரு முத்திரை இல்லாமையும் கவனத்திற்குரியதே. அக்காலத்தில் அதிகாரிகள் பலர் தம் கைத்துப்பாக்கியைச் சொந்தப் பணத்தில் வாங்கினர். அரசுத் தோட்டா அதற்குப் பொருந்த வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. இலண்டன் விற்பனையாளரிடம் வாங்கிய அத்தகைய துப்பாக்கியில் கடையின் பெயரும் பொதுச் சோதனை முத்திரையும் இருக்கும். அகல் அம்பு இராது. அம்பில்லை என்பதால் அது போர்க்களம் காணாதது என முடிவு செய்தல் தவறு. அம்பு இருந்தால் விலை கூடும் என்று பிற்காலத்தில் ஒருவர் அதனைப் பொறித்திருந்தால், அச்செயல் உண்மையான ஒரு வரலாற்றைப் பொய்யான மற்றொன்றால் மூடுகிறது.

4. படைத்துறை மாற்றமும் சந்தை மாற்றமும்

சுவடிப் பதிப்பில் பாடவேறுபாட்டையும் இடைச்செருகலையும் நாம் வேறுபடுத்துகிறோம். முன்னது நூல் வழங்கிவந்த வரலாற்றின் பகுதி. பின்னது அதனைத் திரிப்பது. சுழல்துப்பாக்கி ஆய்விலும் இவ்வேறுபாடு தேவைப்படுகிறது.

என்ஃபீல்டு எண் 2 துப்பாக்கியின் முதல் வடிவத்தில் குதிரைக்குக் கட்டைவிரல் பற்றும் நீட்சி இருந்தது. கவச வண்டியின் குறுகிய இடத்தில் அந்நீட்சி உடையிலும் கருவிகளிலும் சிக்கியதால், 1938இல் அது நீக்கப்பட்ட உடுக்குறி வடிவம் ஏற்கப்பட்டது. முன்னரே வழங்கப்பட்டிருந்தவற்றுள் பெரும்பாலானவையும் பழுதுபார்ப்புக்கு வந்தபோது அவ்வாறே மாற்றப்பட்டன. இதனால் நீட்சியோடு எஞ்சிய முதல் வடிவம் அரிதாயிற்று. அரிதானதால் விலை உயர்ந்தது. விலை உயர்ந்ததும், மாற்றப்பட்ட துப்பாக்கிக்கு நீட்சியுள்ள குதிரையைப் பொருத்தி ‘மீட்டெடுக்கும்’ ஆசை பிறக்கிறது. அவ்வாறு செய்யும்போது கவசப்படையின் தேவையால் நேர்ந்த மெய்யான மாற்றம் அழிந்து, எக்காலத்தும் இருந்திராத ஒரு கலவை உருவாகிறது.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு, அமெரிக்கச் சந்தைக்குச் சென்ற வெப்லி துப்பாக்கிகள். 0.455 தோட்டா அங்கு எளிதில் கிடைக்காமையால், உருளையின் பின்முகத்தைச் சீவி, அமெரிக்கத் தானியங்கிக் கைத்துப்பாக்கியின் 0.45 தோட்டாவைப் பிறைவடிவப் பிடிப்பியுடன் இடுமாறு வணிகர் மாற்றினர். அத்தோட்டாவின் அழுத்தம், 0.455க்கென வடிவமைத்த உருளையின் வழக்கமான பணியழுத்தத்தைவிட மிகுதியானது. சீவிய உலோகத்தை மீண்டும் சேர்க்க வழியில்லை. பொருளின் சான்றுத்தன்மை, சுடுபவரின் பாதுகாப்பு ஆகிய இரண்டுமே இதனால் குறைகின்றன.

மேற்பரப்பை மீள நீலமேற்றுவதும் சந்தை மாற்றமே. நீலமேற்றுமுன் உலோகத்தைத் தேய்க்க வேண்டும். தேய்த்தால் முத்திரையின் ஓரம் மழுங்கும்; திருகாணித் துளையின் விளிம்பு குழியும்; சட்டகத்தின் கூர்விளிம்பு உருளும். இம்மூன்றையும் கொண்டு மீள்பூச்சை அறியலாம். ஆனால் தொழிற்சாலையிலேயே முழுப் பழுதுபார்ப்புக்கு உட்பட்ட துப்பாக்கியிலும் மீள்பூச்சு உண்டு. அங்கே பழுதுபார்ப்பு முத்திரை பூச்சுக்குச் சான்றாக நிற்கும். எனவே ‘மீள்பூச்சு உள்ளதா’ என்பதோடு ‘யார், எப்போது, எதற்காகச் செய்தது’ என்பதே ஆய்வாளரின் வினாவாக வேண்டும்.

துணைப்பொருள்களிலும் இச்சிக்கல் உள்ளது. ஆறாம் வகை வெப்லியின் குழலில் மாட்டும் பிரிச்சர்டு குத்துவாள் முதல் உலகப்போரின்போது தனியார் முயற்சியாகச் சிறு அளவில் உருவானது. பிரெஞ்சுக் குத்துவாளின் அலகைப் பயன்படுத்தி பர்மிங்காமின் கிரீனர் நிறுவனம் அதனைச் செய்தது. படைத்துறை அதனை முறையாக ஏற்கவில்லை. பின்னாளில் அதன் படிகள் ஏராளமாகச் செய்யப்பட்டன. எனவே, அரிய பொருள் எளிதாகக் கிடைக்கும்போது ஐயம் கொள்ளுதல் சேகரிப்பாளரின் முதல் தற்காப்பு.

5. பெயர் பொறிப்பும் வழிவழிக் கதையும்

துப்பாக்கியோடு ஓர் அதிகாரியின் பெயரும் ஒரு போர்க்களத்தின் பெயரும் சேர்ந்து வந்தால் அதன் விலை பன்மடங்காகிறது. ஆகவே அங்கேதான் சான்றாய்வு கடுமையாக இருக்க வேண்டும். சட்டகத்தில் பொறித்த பெயர் தன்னளவில் முடிந்த சான்றாகாது. பூச்சை ஊடறுத்து எழுத்து வெட்டப்பட்டிருப்பின், அது விற்பனைக்குப் பின் பொறிக்கப்பட்டது என்று மட்டுமே சொல்லலாம். மறுநாள் பொறித்ததா, நூறாண்டு கழித்துப் பொறித்ததா என்பதை வெட்டின் உட்புறத் தேய்வும் கருமையும் ஓரளவே உணர்த்தும்.

இங்குப் புறச்சான்று தேவைப்படுகிறது. பிரித்தானிய அரசு வெளியிட்டுவந்த படை அதிகாரிகள் பட்டியல் ஒருவரின் பதவியையும் படைப்பிரிவையும் ஆண்டுதோறும் காட்டும். இலண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் முதல் உலகப்போர்ப் பதக்க அட்டைகள் உள்ளன. பொறித்த பதவி, அவர் அப்பதவி வகித்த காலம், துப்பாக்கியின் தயாரிப்புக் காலம் ஆகிய மூன்றும் பொருந்துகின்றனவா என்பதே அடிப்படைச் சோதனை. 1899இல் உயிர்நீத்த ஒருவர் 1915ஆம் ஆண்டின் ஆறாம் வகையை ஏந்தியிருக்க இயலாது. மூன்றும் பொருந்தினாலும் ‘இப்பெயருடைய அதிகாரி இத்துப்பாக்கியை வைத்திருந்திருக்கலாம்’ என்பதற்கு அப்பால் செல்ல உறைப்பை, கடிதம், வாங்கிய சீட்டு போன்ற இணைச்சான்று வேண்டும். குடும்பத்தில் வழங்கும் கதையைத் தள்ளிவிட வேண்டுவதில்லை. அதனைக் கதை என்றே பெயரிட்டுத் தனியே பதிய வேண்டும்.

6. சட்டமும் சான்றின் அழிவும்

சுழல்துப்பாக்கி பிற பழம்பொருள்களைப் போன்றதன்று. நூறாண்டு கடந்த பின்னும் அது உயிரைப் பறிக்க வல்லது. எனவே சட்டக் கட்டுப்பாடு சேகரிப்புக்குப் பகையென்று கருதுவது பொருந்தாது. எனினும் சட்டம் வகுக்கும் எல்லைக்கோடுகள் எவை எஞ்சும், எவை அழியும் என்பதைத் தீர்மானிப்பதால் ஆய்வாளர் அவற்றை அறிந்தாக வேண்டும்.

ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் 1996 மார்ச்சில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதனையடுத்து 1997இல் இயற்றப்பட்ட சட்டங்கள் பிரித்தானிய நிலப்பரப்பில் பொதுமக்கள் கைத்துப்பாக்கி வைத்திருப்பதைப் பெரும்பாலும் தடைசெய்தன. ஏறத்தாழ 1,62,000 கைத்துப்பாக்கிகள் ஒப்படைக்கப்பட்டன. அருமை, வரலாற்றுச் சிறப்பு, தொழில்நுட்ப ஈர்ப்பு உடையவற்றைக் குறித்த இடங்களில் வைத்துப் பேணுவதற்கு அச்சட்டத்தின் 7ஆம் பிரிவு வழிவிட்டது. 2021இல் நடைமுறைக்கு வந்த விதிகள், பழமைவாய்ந்த துப்பாக்கி என விலக்குப் பெற அது 1939 செப்டம்பர் 1க்கு முன் செய்யப்பட்டதாகவும், கேப்பு முதலிய பழைய இயக்கமுறையையோ பட்டியலிட்ட வழக்கொழிந்த தோட்டாவையோ சார்ந்ததாகவும் இருக்க வேண்டும் என வரையறுத்தன. கேப்பு முறை ஆடம்சு இவ்விலக்கில் அடங்கும், 0.455 வெப்லி அடங்காது. பழைய துப்பாக்கிகளுக்கு மறைவாகத் தோட்டா செய்து குற்றவாளிகளுக்கு விற்ற நிகழ்வுகளே இவ்விறுக்கத்திற்குப் பின்னணி.

அமெரிக்கக் கூட்டரசின் 1968ஆம் ஆண்டுச் சட்டம் 1898 அல்லது அதற்கு முன் செய்யப்பட்டதைப் பழம்படைக்கலம் என்கிறது. ஆகவே 1897இல் ஏற்கப்பட்ட மூன்றாம் வகை வெப்லியின் சட்ட நிலை அதன் தயாரிப்பு ஆண்டைச் சார்ந்தது. தொடரெண்ணை வாசிப்பது அங்கே சட்ட வினாவும் ஆகிறது. இந்தியாவின் 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம், வழக்கொழிந்த அல்லது பழம்பொருள் மதிப்புடைய படைக்கலம் பழுது நீக்கினாலும் பயன்படுத்த இயலாததாக இருந்தால்தான் விலக்கு அளிக்கிறது. இயங்கும் நிலையிலுள்ள வெப்லி, ‘தாத்தா காலத்துப் பொருள்’ என்பதால் மட்டும் உரிமத் தேவையினின்று நீங்குவதில்லை.

உரிமம் கிடைக்காதபோது எஞ்சும் வழிகள் மூன்று: அருங்காட்சியகத்திடம் ஒப்படைத்தல், செயலிழக்கச் செய்தல், அழித்தல். செயலிழக்கச் செய்கையில் குழலும் உருளையும் வெட்டவும் பற்றவைக்கவும் படுவதால் உட்பொறியின் சான்று சிதைகிறது. வெளிமுத்திரைகள் பெரும்பாலும் தப்புகின்றன. அழிப்பில் எதுவும் தப்புவதில்லை. ஒப்படைக்கப்பட்டு உருக்கப்பட்ட துப்பாக்கி ஒன்று எப்படைப்பிரிவில் இருந்தது, எந்நாட்டுக்குச் சென்றது என்பதை இனி எவராலும் வாசிக்க முடியாது. உருக்குவது தவறென்பது இக்கட்டுரையின் வாதமன்று. உருக்குமுன் சில மணித்துளிகள் செலவிட்டு முத்திரைகளைப் படமெடுத்துப் பதிவு செய்தால், பொது அமைதிக்கும் குறைவில்லை, வரலாற்றுக்கும் இழப்பு குறையும் என்பதே வாதம்.

7. பதிவு செய்யும் முறை

கோயிற் சுவர் இடிபடுமுன் மைப்படி எடுத்து வைப்பதைப் போன்ற பணி இது. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதைப் பயிற்சி பெற்றவர் உறுதிசெய்த பின்னரே ஆய்வு தொடங்க வேண்டும். சட்டகம், குழல், உருளை ஆகியவற்றின் எண்களைத் தனித்தனியே குறித்து, அவை ஒத்துள்ளனவா எனக் காண வேண்டும். ஒவ்வொரு முத்திரையையும் அதன் இடம், திசை, ஆழம் ஆகியவற்றோடு பதிவதும், சாய்வொளியில் படமெடுப்பதும் தேவை. ஐயமான எழுத்தை ஊகித்து நிரப்பாமல் பகர அடைப்பில் இடுவது கல்வெட்டுப் பதிப்பு நமக்குக் கற்றுத்தந்த ஒழுங்கு. கம்பித் தூரிகை, அமிலக் கரைசல், மெருகுப் பொடி ஆகியவற்றைத் தவிர்த்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சோடு நிறுத்திக்கொள்வதே பேணுதலுக்குப் போதும். பதிவில் கண்டறிந்தது, உய்த்துணர்ந்தது, சொல்லக் கேட்டது என மூன்று நிரல்கள் அமைதல் நன்று.

8. முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. பிரித்தானிய இராணுவச் சுழல்துப்பாக்கியின் அடையாளம் அது செய்யப்பட்ட இடத்தைவிட அது பெற்ற முத்திரைகளிலேயே தங்கியுள்ளது. படைத்துறை செய்த மாற்றம் வரலாற்றின் பகுதி. விலை கருதிச் செய்யும் மாற்றம் அவ்வரலாற்றை அழிப்பது. பெயரும் கதையும் புறச்சான்றால் சோதிக்கப்பட வேண்டியவை. சட்டக் கட்டுப்பாட்டைக் குறைகூறாமலேயே, அழிவுக்கு முந்தைய பதிவை வலியுறுத்த இடமுண்டு.

இத்துப்பாக்கிகள் பேரரசின் அதிகாரத்தை இடுப்பில் சுமந்து திரிந்தவை. அவற்றின் முன் நின்றவர்களின் பெயர்கள் எந்தச் சட்டகத்திலும் பொறிக்கப்படவில்லை. எனினும் எந்தக் கருவி, எந்த ஆண்டில், எந்த நிலத்தில், எவர் உடைமையாக இருந்தது என்பதை உறுதிசெய்ய உதவும் சிறு தடயங்கள் அவ்வுலோகத்தில் எஞ்சியுள்ளன. அவற்றை மெருகேற்றித் தேய்த்துவிட்டால், ஏந்தியவர் வரலாற்றோடு எதிர்நின்றவர் வரலாற்றுக்கான தடயமும் சேர்ந்தே மறையும்.